பெரியம்மா வீட்டு மீற்றர் (குடும்பக் குழு அரட்டை, 2025 ஜூன்)

சுதா அக்கா (ரொறன்ரோ): கிளாஸ்கோவில் அம்மாவுக்குக் கரண்ட் கொம்பனியில் இருந்து இன்னொரு கடிதம். ஜூன் 30க்குப் பிறகு மீற்றர் வேலை செய்யாதாம். முதல் வந்ததுகளை விளம்பரம் என்று கிழித்துப் போட்டாவாம்.

வதனி சித்தி: கடவுளே

கஜன்: அது தள்ளிப் போட்டாச்சு. சிநேகிதன் சொன்னான்

ரவி மாமா: தள்ளிப் போடவில்லை. ஒருக்கால் வடிவாக வாசியுங்கோ. அக்கா வீட்டில் இருப்பது ரேடியோ டெலிஸ்விட்ச் மீற்றர். 80களில் வந்தது. பிபிசியின் நீள அலை, 198 கிலோஹேர்ட்ஸ், அதில் நிகழ்ச்சியோடு சேர்த்து ஒரு சமிக்ஞையும் போகும். காதுக்குக் கேட்காது. அதை அனுப்பும் நிலையங்கள் இங்கிலாந்தில் ட்ரொயிட்விச், ஸ்கொட்லாந்தில் வெஸ்டர்கிளென், பேர்க்ஹெட். அது வந்தால்தான் மீற்றர் இரவு மலிவு விலைக்கு மாறும், ஹீற்றரும் சுடுதண்ணித் தாங்கியும் ஓன் ஆகும். கருவிகள் பழசாகிவிட்டன. 2024 மார்ச்சில் நிறுத்த இருந்து, பிறகு 2025 ஜூன் 30 ஆக்கினார்கள். இப்போது சொல்வது, அன்றைக்கு எல்லா இடமும் ஒரேயடியாக நிற்காது, பகுதி பகுதியாக நிறுத்துவோம் என்று. சிநேகிதன் பிடித்தது அதன் வாலை.

கஜன்: 👍

வதனி சித்தி: ஜூனில் யாருக்கு ஹீற்றர்?

ரவி மாமா: அதுதான் ஆபத்து. கடைசியாக எந்த நிலையில் இருந்ததோ அப்படியே மாட்டிக்கொள்ளலாம். ஹீற்றர் இரவு பகலாக ஓடினாலும் ஓடும், சுடுதண்ணியே வராமல் போனாலும் போகும்.

பெரியம்மா: 🎤 0:47

சுதா அக்கா: அம்மா வொய்ஸ் போடாதேங்கோ, வேலையில் நிற்கிறேன்

பெரியம்மா: இரவில் அலுமாரிக்குள் டக் என்று ஒரு சத்தம். அதுவா

ரவி மாமா: அதேதான் அக்கா. மீற்றருக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி இருக்கும். படம் போடுங்கோ.

பெரியம்மா: 📷

கஜன்: இது உங்கட விரல்

பெரியம்மா: 📷

ரவி மாமா: ஓம். பெட்டியிலேயே எழுதியிருக்கு.

சுதா அக்கா: 28, சனிக்கிழமை காலை வந்து மாற்றுவார்களாம். காசு இல்லை.

வதனி சித்தி: 28??? மகளின் சாமத்திய வீடு சுதா!

சுதா அக்கா: திகதி மாற்றத்தான் எடுத்தேன். பாட்டுப் போட்டுக்கொண்டே இருந்துவிட்டு லைனை வெட்டிவிட்டார்கள்.

பெரியம்மா: நான் வராவிட்டால் என்ன. கஜன்ர அக்கா கலியாணத்துக்கும் எனக்குக் கார்ட் தபாலில்தானே வந்தது

வதனி சித்தி: அக்கா திரும்பவும் அந்தக் கதையா

தேவன் சித்தப்பா: ரோல்ஸ் 300 சொன்னேன். காணுமா?

வதனி சித்தி: இஞ்ச வேண்டாம் அது

தேவன் சித்தப்பா: மரக்கறியும் சொல்லவா?

ரவி மாமா: வருபவரிடம் கேட்க வேண்டியது. ஹீற்றருக்கும் தாங்கிக்கும் போகிற வயர் தனி. சும்மா ஒரு ஸ்மார்ட் மீற்றரைப் பூட்டிவிட்டுப் போனால் இரவில் அதை யார் போட்டு நிறுத்துவது? அந்த வயருக்கும் தனி முனையோடு, ஐந்து முனை உள்ள மீற்றர் வேண்டும். போக முன்னம் ஹீற்றருக்குக் கரண்ட் போகிறதா என்று காட்டச் சொல்லுங்கோ. எந்த நேரம் மலிவு என்று எழுதி வாங்குங்கோ. பென்சன் வயது என்றபடியால், கூடுதல் உதவி தேவைப்படுவோருக்குக் கரண்ட் கொம்பனி வைத்திருக்கும் முன்னுரிமைப் பட்டியலிலும் பெயரைப் போடலாம்.

பெரியம்மா: ரேடியோ என்றால் உனக்குச் சந்தோசம். கரண்ட் இல்லாத காலம் என்ர சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுத்திச் சுத்தி ரேடியோவில் பிபிசி தமிழோசை கேட்டு டயரைத் தேய்த்தவன்

ரவி மாமா: அது சிற்றலை அக்கா. இது நீள அலை.

பெரியம்மா: தேய்ந்தது ஒரே டயர்தான்

கஜன்: 😂😂

கஜன்: ஆள் வந்ததும் எனக்கு வீடியோ கோல் எடுக்கட்டும், நான் கதைக்கிறேன்

சுதா அக்கா: நீ சனிக்கிழமை மத்தியானம் எழும்புகிறவன்

பெரியம்மா: மேல் வீட்டு மார்கரெட் வந்து நிற்பா. திறப்பு அவவிடம் இருக்கு

சுதா அக்கா: எப்போது கொடுத்தீங்கள்??

பெரியம்மா: நீ ரொறன்ரோ போனபோது

வதனி சித்தி: அப்போ வாறீங்கள்தானே அக்கா

பெரியம்மா: பஸ்ஸா ரெயினா என்று ரவி பார்க்கட்டும்

ரவி மாமா: ரெயின்தான். ஆனால் விலையில் ஒரு விஷயம் இருக்கு, விளக்கமாக எழுதுகிறேன்

கஜன்: ஐயோ

சுதா அக்கா: மார்கரெட்டின் நம்பரை எனக்கு அனுப்புங்கோ. நான் இன்னும் ஓம் சொல்லவில்லை.