கோடை முடியும் வேளையில் டிரவுட் மீனுக்கு எந்த நேரம், எந்த ஈ?

கேள்வி (ஆற்றோரம்): கோடையில் விடியற்காலையில், முள்ளில் இறகும் நூலும் கட்டிச் செய்த போலிப் பூச்சியான செயற்கை ஈயைத் தயங்காமல் கவ்விய டிரவுட் மீன்கள், இரவுகள் குளிரத் தொடங்கியதிலிருந்து அந்நேரத்தில் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆற்றில் நீர் வற்றி, அடியிலுள்ள கற்கள் தெரியுமளவு தெளிந்திருக்கிறது. நான் மாற்ற வேண்டியது நேரத்தையா, ஈயையா?

குளிர்நீர்: முதலில் நேரத்தை மாற்றுங்கள். நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 20 டிகிரி செல்சியசைத் தாண்டினால், கரைந்துள்ள ஆக்சிஜன் குறைந்து டிரவுட் திணறும் என்பதால்தான் கோடையில் விடியற்காலை உகந்ததாக இருந்தது. இப்போதோ இரவில் குளிர்ந்துபோன நீர் வெயில் ஏறிய பிறகே சற்று வெதுவெதுப்பாகிறது. பூச்சிகளும் மீன்களும் அப்போதுதான் சுறுசுறுப்படைகின்றன. முற்பகலின் பிற்பகுதி முதல் மாலை வரை முயன்று பாருங்கள்.

தூண்டில்முள்: மேலே சொன்னது சரி, ஆனால் ஈயும் மாற வேண்டும். கடும் உறைபனி விழும்வரை வெயில் நேரத்தில், புல் கவிந்த கரையோரமாக, வெட்டுக்கிளி வடிவ ஈ இன்னும் பலன் தரும். மேகமூட்டமும் தூறலுமான நாளில் அதை எடுத்து வைத்துவிடுங்கள். அன்று பேட்டிஸ் பேரினத்தைச் சேர்ந்த, ஆலிவ் நிற உடலும் சாம்பல் நிறச் சிறகும் கொண்ட சிறு மேஃப்ளைகள் (நீரில் வளர்ந்து, சிறகு முளைத்ததும் மேலே வரும் பூச்சிகள்) கூட்டமாக நீரிலிருந்து வெளிவரும். மீன் மூக்கு நுனி மட்டும் தெரிய, ஓசையில்லாமல் அவற்றை உறிஞ்சும். அதற்கு ஈடாக 18 முதல் 22 வரையிலான எண் முள்ளில் கட்டிய ஈ வேண்டும் (எண் கூடக் கூட முள் சிறிதாகும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்). தெளிந்த நீரில் 6எக்ஸ் அளவு போன்ற மெல்லிய நுனி நரம்பும் (ஈயைக் கட்டும் கடைசி இழை), ஓட்டத்தோடு தானாக மிதந்துவரும் ஈயும் இன்றியமையாதவை. நூல் இழுபட்டு ஈயின் பின்னால் ஒரு சிறு கோடு விழுந்தாலே மீன் ஒதுங்கிவிடும். என் அனுபவத்தில் ஈயின் நிறத்தைவிட இதுவே முக்கியம்.

கூழாங்கல்: ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பழுப்பு டிரவுட்டும் புரூக் டிரவுட்டும் இலையுதிர் காலத்தில்தான் முட்டையிடுகின்றன. பெண்மீன் வாலால் அடித்துப் பாசி நீக்கிய சரளைத் திட்டு, சுற்றியுள்ள படுகையைவிட வெளிறித் தெரியும். அக்காலத்தில் பழுப்பு டிரவுட் மூர்க்கமாக இருப்பதால் சிறு மீன்போல் கட்டிய ஸ்ட்ரீமர் ஈயைத் துரத்தும் என்பது உண்மையே. இருந்தாலும் திட்டின்மேல் நிற்கும் மீனுக்குத் தயவுசெய்து தூண்டில் வீசாதீர்கள். ஆற்றில் இறங்கி நடக்கும்போது அங்கே கால் வைக்கவும் வேண்டாம், ஏனெனில் சரளைக்குள் புதைந்த முட்டைகள் குளிர்காலம் முழுவதும் அங்கேயே இருக்கும்.