நெடுந்தூர சைக்கிள்: மனசு விட்டுப்போன நேரத்துல கை கொடுத்தது எது?

ராத்திரி வண்டி
400 கி.மீ. பிரெவே, அதாவது நேரக் கெடு வெச்ச நெடுந்தூர சைக்கிள் பயணம், ஓட்டினவங்களுக்குத் தெரியும். 27 மணி நேரத்துல முடிக்கணும், அதனால ராத்திரி முழுக்க ரோட்டுலதான். கால் வலியைச் சமாளிச்சிடலாம். ரெண்டு மணிக்கு மேல "யாரைக் கேட்டு இதுல இறங்கினோம்?"னு ஒண்ணு வரும் பாருங்க, அதுதான் ஆளைக் கவுக்கும். என் அனுபவத்துல அதைக் கிளப்பி விடுறதே வண்டிதான். சின்னதா ஒரு உரசல் சத்தம் போதும்.

போன மழைக்காலத்துல திண்டிவனம் தாண்டி ஒரு பள்ளத்துல இறங்கி, பின்சக்கரத்துல போக்ஸ் கம்பி அறுந்துடுச்சு. சக்கரம் கோட்டமாகி ஒவ்வொரு சுத்துக்கும் பிரேக் கட்டையில உரசுது. விட்டுட்டு பஸ் ஏறிடலாம்னு முடிவே பண்ணிட்டேன். விடியற நேரம், ஒரு ஊர்ல சைக்கிள் கடைப் பெரியவர் அப்பதான் வாசல் தெளிச்சுட்டு இருந்தாரு. "இந்த மாதிரி வண்டியை நான் தொட்டதில்லையே தம்பி"ன்னாரு. ஆனா கை தயங்கல. வண்டியைத் தலைகீழா நிறுத்தி, பிரேக் கட்டையையே அளவா வெச்சுக்கிட்டு, கம்பி அறுந்த பக்கத்துல அண்டைக் கம்பிகளை முடுக்கி, எதிர்ப்பக்கத்தைக் கால் சுத்து தளர்த்தினாரு. ஒரு டீ ஆறுறதுக்குள்ள சத்தம் நின்னுடுச்சு. கூடவே என் புலம்பலும்.

எங்க போறேன்னு கேட்டாரு, சொன்னேன். "ஏன், பஸ் ஓடலையா?"ன்னாரு.

அதுல இருந்து போக்ஸ் கம்பியை முடுக்குற சாவி இல்லாம நான் கிளம்புறதில்ல. உங்க கதையைச் சொல்லுங்க.

முப்பந்தல் காத்தாடி
அண்ணாச்சி, உங்களுக்காவது சத்தம். எங்களுக்குக் காத்து. ஆடி மாசம் திருநெல்வேலியில இருந்து நாகர்கோவிலுக்கு மிதிச்சுப் பாருங்க. காவல்கிணறு தாண்டினதும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்து நேரா மூஞ்சியில அறையும், இறக்கத்துலயும் மிதிச்சாத்தான் வண்டி நகரும். அங்க வேகம் காட்டுற மீட்டர்தான் முதல் எதிரி. கழட்டிப் பைக்குள்ள போட்டுட்டு, லேசான கியர்ல, அந்தா தெரியுற காத்தாலைக் காத்தாடி வரைக்கும்னு போவேன். அப்புறம் அடுத்த காத்தாடி. திரும்பி வரும்போது அதே காத்து முதுகுல கை வெச்சுத் தள்ளும், அதை நெனச்சாலே பாதித் தெம்பு.

செயின் பைத்தியம்
உற்சாகம் கிற்சாகம் இருக்கட்டும். செயினை அளந்தீங்களா? புதுச் செயின்ல 24 பின் இடைவெளி சரியா 12 அங்குலம். ஸ்கேல் வெச்சுப் பாருங்க. அங்குலத்துல 16-ல ஒரு பங்கு கூடிடுச்சுன்னா மாத்திடணும். 8-ல ஒரு பங்கு வரைக்கும் விட்டா கேசட்டும் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) சேர்ந்து போயிடும், செலவு பல மடங்கு. ஈ.சி.ஆர். பக்கம் ஓட்டுறவங்க வீட்டுக்கு வந்ததும் துடைச்சே ஆகணும், உப்புக் காத்து ஒரே ராத்திரியில துருப்பிடிக்க வைக்கும். ஆயிலை ஊத்தாதீங்க. ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு, மிச்சத்தைத் துணியால எடுத்துடுங்க.

இன்னொண்ணு, டியூப்ல ஒல்லியான பிரெஸ்டா வால்வு வெச்சிருந்தா சின்னப் பித்தளை அடாப்டர் ஒண்ணு பையில கிடக்கட்டும். பெட்ரோல் பங்க்ல காத்து பிடிச்சுக்கலாம்.

வளைவு 40
நான் பொள்ளாச்சிங்க. ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறினா 40 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் பலகை இருக்குதுங்க. கிலோமீட்டரை எண்ணாம பலகையை எண்ணிட்டே ஏறிடுவேன். எனக்குப் பயமே இறக்கத்துலதான். முந்தின ராத்திரி பிரேக் கட்டையைக் கழட்டி, உள்ள புதைஞ்சிருக்கற மணலையும் அலுமினியத் துணுக்கையும் ஊசியால நோண்டி எடுத்துடுவேன், இல்லைன்னா ரிம்மை அது அரம் போட்டுடும். இறங்கறப்ப விடாம பிரேக் பிடிச்சுட்டே வராதீங்க, ரிம் சூடாகி டியூப் வெடிச்சுடும். வளைவுக்கு முன்னாடி அழுத்திப் பிடிச்சு, வேகம் குறைஞ்சதும் விட்டுடணுங்க.

ராத்திரி வண்டி
அக்கா, ஊசி விஷயம் புதுசு, இன்னைக்கே பார்க்கிறேன். காத்தாடி அண்ணாச்சி, கட்டாயம் வர்றேன். ஆடி முடியட்டும்.