பச்சைக் குளம்: இறைத்துக் கொட்டுவதா, மருந்து போட்டு மீட்பதா?

முட்டுக்காட்டான்
வீட்டுக்குப் பின்னால் 26 அடிக்கு 13 அடியில் சின்ன நீச்சல் குளம். சராசரி ஆழம் நாலரை அடி, கிட்டத்தட்ட 43 ஆயிரம் லிட்டர் பிடிக்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டுப் பன்னிரண்டு நாள் கழித்து வந்தால், கீரை கடைந்த சட்டி மாதிரி கிடக்கிறது. முதல் படியே கண்ணுக்குத் தெரியவில்லை. மாதாமாதம் பணம் வாங்கும் பராமரிப்பு ஆள் எட்டிப் பார்த்துவிட்டு, "மொத்தத் தண்ணியையும் இறைச்சுட்டு ஆசிட் போட்டுக் கழுவிடலாம் சார்" என்றார். வாட்ச்மேன் மிதவை டப்பாவில் இன்னும் ரெண்டு குளோரின் மாத்திரை போட்டால் போதும் என்கிறார். குளோரின் அளக்கும் மஞ்சள் சொட்டு மருந்தை விட்டுப் பார்த்தேன். குளோரின் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3 பங்கு), பிஎச் 7.8. குளோரின்தான் இருக்கிறதே, பாசி எப்படி வந்தது? இறைக்கலாமா, வேண்டாமா?

ஆனைமலைத் தோப்பு
இறைச்சு விடுங்க, இதில் யோசிக்க என்ன இருக்குதுங்க? எங்கள் தோட்டத்தில் பத்துக்குப் பத்து, நாலு அடி ஆழத்தில் தொட்டி. பதினோராயிரம் லிட்டர். மோட்டாரைப் போட்டால் பிள்ளைகள் குதிப்பார்கள். நாலு நாளைக்கு ஒருமுறை மதகைத் திறந்தால் தண்ணீர் வாய்க்கால் வழியே தென்னைக்குப் போய்விடும். தேங்காய் நாரை வைத்து ஒரு தேய், ஒரு நாள் வெயிலில் காயவிட்டால் முடிந்தது. குளோரினும் கிடையாது, ஃபில்டரும் கிடையாது. ஒரே தண்ணீரை வருஷக் கணக்கில் வைத்துக்கொண்டு அதற்கு வைத்தியம் பார்ப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

தாம்பரம் கிழக்கு
தோப்புக்காரர் பேசுவது தோப்புக்குச் சரி. முட்டுக்காட்டில் 43 ஆயிரம் லிட்டர் என்றால் 12 ஆயிரம் லிட்டர் லாரியில் நாலு நடை. இல்லையென்றால் போர்வெல்லில் உறிஞ்ச வேண்டும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பங்கழி, நடுவில் மணல். நல்ல தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச உப்புத் தண்ணீர் உள்ளே வரும். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் கொண்டுவந்து வில்லிவாக்கத்தில் இறக்கினார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்த வருஷம் எங்கள் தெருவில் குடம் வைத்து வரிசை போட்டோம். இறைப்பதா வேண்டாமா என்பது இரண்டாவது கேள்வி. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீட்டுக்கு ஒரு குளம் எதற்கு என்பதுதான் முதல் கேள்வி.

முட்டுக்காட்டான்
வீடு வாங்கும்போதே இருந்தது சார். மண்ணைப் போட்டு மூடவும் மனசு வரவில்லை.

ஷார்ஜா பூல்காரன்
அண்ணே, ஒன்பது வருஷம் இங்கே பூல் வேலைதான் பார்க்கிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த மழைக்காலத்தில் மொத்தமாக இறைக்கவே இறைக்காதீர்கள். காசுக்காகச் சொல்லவில்லை. காலிக் குடத்தைக் கிணற்றில் போட்டால் மிதக்கும் இல்லையா, அதே கதைதான். உங்கள் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் ரெண்டு அடி தோண்டினால் தண்ணீர் நிற்கும். குளத்துக்குள் தண்ணீர் இருக்கும்வரை அந்தக் கனம் தொட்டியை அமுக்கி வைத்திருக்கிறது. காலி செய்தால் நிலத்தடித் தண்ணீர் கீழேயிருந்து தூக்கும். டைல்ஸ் பிளக்கும், தரை விரியும், சில சமயம் தொட்டியே ஒரு பக்கம் எழும்பிவிடும். மெட்ராஸில் மழை நேரத்தில் சம்ப் கட்டியவர்களைக் கேளுங்கள், புதுச் சம்ப் மேலே மிதந்து வந்த கதை தெருவுக்கு ஒன்று இருக்கும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் டைல்ஸ் நடுவில் உள்ள கிரௌட்டும் அரித்துப் போகும்.

பச்சைத் தண்ணீரை மீட்கலாம். குளோரினை ஏற்றுங்கள், பிரஷ் போடுங்கள், ஃபில்டரை இராத்திரி பகலாக ஓட்டுங்கள், அவ்வளவுதான்.

ஆனைமலைத் தோப்பு
மிதக்கும் என்பது எனக்குப் புதுசு. எங்கள் பக்கம் தண்ணீர் நூறு அடிக்குக் கீழே கிடக்குது. அதை ஒத்துக்கொள்கிறேனுங்க. ஆனால் அவர்தான் குளோரின் 3 இருக்கு என்கிறாரே, இன்னும் ஏற்றி என்ன ஆகப்போகுது?

வேதியியல் டீச்சர்
தோப்புத் தம்பி சரியான இடத்தில் கேட்டிருக்கிறார். பதில் அந்த மிதவை டப்பாவில்தான் இருக்கிறது.

அந்த 200 கிராம் மாத்திரை டிசிசிஏ, அதாவது ட்ரைகுளோரோ ஐசோசயனூரிக் ஆசிட். தண்ணீரில் கரையும்போது குளோரினோடு சயனூரிக் ஆசிட் என்ற இன்னொரு பொருளையும் விடுகிறது. இதுவும் வேண்டியதுதான், வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும். ஆனால் குளோரின் செலவாகிப் போய்விடும், சயனூரிக் போகாது. ஆவியாகாது, சாதாரண ஃபில்டரிலும் நிற்காது. இந்தக் குளத்தில் ஒரு மாத்திரைக்குச் சுமார் 4 பிபிஎம் குளோரின் ஏறும், கூடவே 2.5 பிபிஎம் சயனூரிக் சேரும். வாரம் ரெண்டு மாத்திரை என்று வைத்தால் வருஷத்துக்கு 250 பிபிஎம். பேக்வாஷிலும் (ஃபில்டரில் தண்ணீரைத் திருப்பி விட்டுக் கழுவி வெளியேற்றுவது) மழையில் வழிவதிலும் கொஞ்சம் குறையும். 30 முதல் 50 வரை இருந்தால் நல்லது. நூறு, நூற்றைம்பது என்று ஏறிவிட்டால் குளோரினைக் கட்டிப் போட்டுவிடும். சோதனையில் 3 காட்டும், பாசியைக் கொல்ல அதில் ஒரு துளிதான் மிஞ்சும்.

இன்னொன்று, மஞ்சள் சொட்டு மொத்தக் குளோரினைத்தான் காட்டும். வியர்வை, சிறுநீரோடு சேர்ந்து செத்துப்போன குளோரினையும் சேர்த்து எண்ணிவிடும். இளஞ்சிவப்பாக மாறும் டிபிடி சோதனைதான் உயிரோடு இருப்பதைத் தனியாகச் சொல்லும். முட்டுக்காட்டாரே, முதலில் சயனூரிக் எவ்வளவு என்று பாருங்கள். பிறகு சண்டை போடலாம்.

ஷார்ஜா பூல்காரன்
டீச்சர், கோபித்துக்கொள்ளாதீர்கள். மாத்திரையை இப்படி வில்லனாக்க வேண்டாம். வெறும் லிக்விட் குளோரினைக் காலையில் ஊற்றினால் உச்சி வெயிலுக்குள் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். நம்ம ஊர் ஆட்களும் அதை மாசக்கணக்கில் கேனில் வைத்து விற்கிறார்கள், சூட்டில் வீரியம் போய் வெறும் உப்புத் தண்ணீர்தான் மிச்சம். வீட்டுக்காரர் பன்னிரண்டு நாள் ஊரில் இல்லை என்றால் மாத்திரை இல்லாமல் யார் பார்ப்பது? நான் பார்க்கும் வில்லாக்களில் வெயில்காலம் முழுக்க மாத்திரைதான்.

வேதியியல் டீச்சர்
அந்த வில்லாக்களில் சயனூரிக் சோதிப்பீர்களா?

ஷார்ஜா பூல்காரன்
மாசம் ஒரு தடவை. ஏறினால் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் புதுசு பிடிப்போம்.

வேதியியல் டீச்சர்
நான் சொன்னதும் அதுதான் தம்பி!

தாம்பரம் கிழக்கு
ஆக, மாத்திரை போட்டால் தண்ணீர் மாற்ற வேண்டும். போடாவிட்டால் பாசி பிடிக்கும். இதைத்தான் ஆரம்பத்திலேயே சொன்னேன்.

உப்புக் குளம் என்று ஒன்று விற்கிறார்களே, அதில் குளோரினே இல்லையாமே? அதையாவது செய்யலாமே.

ஷார்ஜா பூல்காரன்
அதுவும் குளோரின்தான் சார். தண்ணீரில் 3,000, 4,000 பிபிஎம் உப்பைக் கரைத்து, மின்சாரத்தால் குளோரினாகப் பிரிக்கிற பெட்டி. பிஎச் ஏறிக்கொண்டே இருக்கும், வாராவாரம் ஆசிட் வேண்டும். அந்தத் தண்ணீரை வாழைக்கு விட்டால் வாழை போய்ச் சேர்ந்துவிடும்.

முட்டுக்காட்டான்
சோதனைப் பெட்டி வாங்கிப் பார்த்தேன். சின்னக் குழாய், அடியில் கறுப்புப் புள்ளி. குளத்துத் தண்ணீரில் மருந்து கலந்தால் மோர் மாதிரி வெளுக்கிறது. புள்ளி மறையும்வரை மெதுவாக ஊற்ற வேண்டும், எந்தக் கோட்டில் மறைகிறதோ அதுதான் அளவு. எனக்கு ரெண்டு விரல்கடை ஊற்றுவதற்குள்ளேயே மறைந்துவிட்டது. குழாயில் 100க்கு மேல் கோடே இல்லை. டீச்சர் தனிச்செய்தியில் சொன்னபடி பாதிக்குப் பாதி குடிதண்ணீர் கலந்து மறுபடி செய்தேன். 80ல் மறைந்தது. அதாவது 160.

பராமரிப்பு ஆளைக் கூப்பிட்டுக் கேட்டால், "சயனூரிக்கா? அது வெளிநாட்டுக் குளத்துக்குத்தான் சார்" என்கிறார்.

வேதியியல் டீச்சர்
160ல் குளோரினை ஏற்றிப் பாசியைக் கொல்வது காசைக் கரைக்கும் வேலை. இதற்குக் கொஞ்சம் தண்ணீர் மாற்றியே ஆக வேண்டும். எடுக்க நம்பகமான மருந்து கிடையாது.

ஆனைமலைத் தோப்பு
பார்த்தீங்களா! முதல் பதிலில் நான் என்ன சொன்னேன்?

ஷார்ஜா பூல்காரன்
நீங்கள் சொன்னது மொத்தமாக. டீச்சர் சொல்வது கொஞ்சம். ரெண்டும் ஒன்றில்லை. ஒரே மூச்சில் பாதி இறைப்பதுகூட இப்போது பயம்தான். ஒரு தடவைக்கு ஒரு அடி. அது நிரம்பிய பிறகு அடுத்த அடி.

கணக்கு போட்டுப் பார்த்தேன் அண்ணே. நாலரை அடியில் ஒரு அடி எடுத்து நிரப்பினால் 160 என்பது 124 ஆகும். அடுத்த முறை 97, மூன்றாவது முறை 75. 75 வந்தால் நான் சமாளிக்கச் சொல்லித் தருகிறேன். ஒரு அடி என்பது 9,600 லிட்டருக்கு உள்ளேதான், அதாவது ஒரு லாரி.

தாம்பரம் கிழக்கு
லாரி எதற்கு? மேலே வானம் இருக்கிறது. சென்னைக்கு வருஷத்தில் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் சுமாருக்குப் பெய்கிறது. அதுவும் நாலரை அடிதான், உங்கள் குளத்தின் ஆழம். பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். இறைக்கத்தான் வேண்டும் என்றால் புயல் சின்னம் என்று செய்தி வந்த அன்று ஒரு அடி இறையுங்கள். மழை நிரப்பட்டும்.

வேதியியல் டீச்சர்
இந்த இழையிலேயே உருப்படியான யோசனை இதுதான். மழைநீரில் காரத்தன்மை குறைவு, நிரம்பியதும் ஆல்கலினிட்டியைப் பாருங்கள். 80க்குக் கீழே போனால் சமையல் சோடா போட வேண்டும்.

தோப்புத் தம்பியிடமும் ஒன்று கேட்க வேண்டும். குளோரினே வேண்டாம் என்கிறீர்களே, 2024ல் கேரளத்தில் மூளையைத் தின்னும் அமீபாவால் பிள்ளைகள் இறந்தார்களே, பயமில்லையா? வெதுவெதுப்பான நன்னீரில் வளர்கிறது, மூக்கு வழியாக ஏறுகிறது. குதித்து விளையாடும் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து.

ஆனைமலைத் தோப்பு
அந்தச் செய்திக்குப் பிறகு வீட்டில் இதே சண்டைதானுங்க டீச்சர். தேங்கவிடுவதில்லை, நாலு நாளில் காலி, தேய்த்துக் காயப்போடுகிறோம். பழைய தண்ணீரில் யாரையும் இறக்குவதில்லை. போதுமா என்றால், நீங்கள் கேட்ட பிறகு நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியவில்லை. லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வரும்போது கொஞ்சம் ப்ளீச்சிங் பவுடர் கரைத்துவிடுகிறேன். தென்னைக்கு ஒன்றும் ஆகாதே?

வேதியியல் டீச்சர்
ஒரு நாள் வெயிலில் விட்டுவிட்டு மதகைத் திறங்கள், ஒன்றும் ஆகாது.

ஷார்ஜா பூல்காரன்
ப்ளீச்சிங் பவுடர் பேச்சு வந்ததால் சொல்கிறேன். அதையும் மாத்திரையையும் ஒரே வாளியில், ஒரே மக்கில் தொடவே கூடாது. எங்கள் கேம்ப்பில் புதுப் பையன் ஒருவன் மாத்திரைத் தூள் ஒட்டியிருந்த மக்கைப் பவுடருக்குள் விட்டான். புஸ்ஸென்று புகை. வாசலுக்கு ஓடி வந்துதான் மூச்சு விட்டோம். தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முட்டுக்காட்டண்ணே, உங்கள் வாட்ச்மேனிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

முட்டுக்காட்டான்
சொல்கிறேன். இப்போதைக்கு மிதவை டப்பாவைக் கழற்றிக் காயவைத்திருக்கிறேன், மாத்திரை டப்பா மாடி அறையில். நாளைக்குக் காற்றழுத்தத் தாழ்வு என்கிறார்கள், இன்றைக்கு ஒரு அடி இறைக்கப்போகிறேன்.

தாம்பரம் கிழக்கு
எங்கே விடப்போகிறீர்கள்? உப்பங்கழியில் விட்டால் நானே புகார் எழுதுவேன்.

முட்டுக்காட்டான்
பின்னால் மூன்று தென்னை, ஒரு முருங்கை. குழாயை மாற்றி மாற்றிப் போட்டு விடுகிறேன்.

முட்டுக்காட்டான் *(மூன்று வாரம் கழித்து)*
ரெண்டு முறை மழையே நிரப்பிவிட்டது. மூன்றாவது முறை வானம் வெளுத்துக்கொண்டது, ஒரு லாரி வாங்கினேன். தாம்பரத்தார் மன்னிக்க வேண்டும். சயனூரிக் 75 அல்லது 80, புள்ளி மறைவதில் என் கண்ணுக்கும் மனைவி கண்ணுக்கும் ஒரு கோடு வித்தியாசம்.

அப்புறம் ஷார்ஜா தம்பி சொன்னபடி பொழுது சாய்ந்த பிறகு லிக்விட் குளோரின். 4 லிட்டருக்கு 10 பிபிஎம் ஏறவேண்டும், ஏறியது 7தான், கேன் பழசு போல. வேறு கடையில் புதிதாக வாங்கினேன். முதல் நாள் பச்சை சாம்பலாக மாறியது. ரெண்டாம் நாள் பால் கலந்த மாதிரி. பிரஷ் போட்டுத் தோள்பட்டை கழன்றுவிட்டது, படிக்கட்டு மூலையில்தான் பாசி ஒளிந்துகொள்கிறது. ஃபில்டர் மீட்டரில் அழுத்தம் 8 பிஎஸ்ஐ ஏறும்போதெல்லாம் பேக்வாஷ், முதல் ரெண்டு நாளில் ஆறு தடவை. ஐந்து இரவில் முப்பது லிட்டருக்கு மேல் போயிற்று. நேற்று ராத்திரி பத்து மணிக்கும் இன்று விடிவதற்கு முன்னாலும் டிபிடி பார்த்தேன், அரை பிபிஎம்தான் இறங்கியிருக்கிறது.

வேதியியல் டீச்சர்
ராத்திரியில் வெயில் இல்லை. அப்போதும் குறைந்தால் ஏதோ தின்கிறது என்று அர்த்தம். அரைதான் குறைந்தது என்றால் பாசி செத்துவிட்டது. 3, 4க்கு இறங்கும்வரை யாரையும் இறங்கவிடாதீர்கள்.

ஷார்ஜா பூல்காரன்
ஊருக்குப் போகும்போது மட்டும் மாத்திரை, சரிதானே டீச்சர்?

வேதியியல் டீச்சர்
சரி, எண்ணிப் போடட்டும்.

முட்டுக்காட்டான்
ஆழமான பக்கத்தில் ஐந்து ரூபாய்க் காசு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். தலையா பூவா என்று மேலே நின்றே தெரிகிறது. பராமரிப்பு ஆள் வந்து பார்த்துவிட்டு, "இறைச்சுட்டீங்களா சார்?" என்றார்.

ஆனைமலைத் தோப்பு
முருங்கை எப்படி இருக்குதுங்க?

முட்டுக்காட்டான்
பூத்திருக்கிறது.