முதன்முறை கோழி வளர்க்க என்னென்ன வாங்க வேண்டும்? கூண்டா, பஞ்சாரமா?

வாசுகி_திருவெறும்பூர்:
எல்லோருக்கும் வணக்கம். திருச்சிக்கு வெளியே திருவெறும்பூர் பக்கம் சொந்த வீட்டுக்கு வந்திருக்கிறோம். பின்னால் இரண்டு சென்ட் காலி இடம். ஒரு முருங்கை, ஒரு கொய்யா நிற்கிறது. வீட்டு முட்டைத் தேவைக்குக் கோழி வளர்க்க ஆசை. நாங்கள் நான்கு பேர், ஒருவருக்கும் அனுபவம் இல்லை. கடையில் எழுதிக் கொடுத்த பட்டியல் இது: ஒரு நாள் வயது நாட்டுக்கோழிக் குஞ்சு 20, கம்பித் தரையும் நிப்பிள் குழாயும் (கோழி கொத்தினால் தண்ணீர் சொட்டும்) வைத்த இரும்புக் கூண்டு, ஹீட் பல்பு, குஞ்சுத் தீவனம் 50 கிலோ மூட்டை, தீனி வைக்கும் ஃபீடர் இரண்டு, தண்ணீர் வைக்கும் டிரிங்கர் இரண்டு, லிவர் டானிக், வைட்டமின் சொட்டு. மொத்தம் 16,000 ரூபாய் சொல்கிறார்கள். சித்திரை கடைசியில் தொடங்கலாம் என்று நினைக்கிறோம். இத்தனையும் வேண்டுமா?

கொல்லைக்கோழி:
பதினாறாயிரத்துக்குக் குட்டியோடு ஓர் ஆட்டையே பிடித்துவிடலாம் தங்கச்சி. நான் ஒட்டன்சத்திரம் பக்கம். எங்கள் வீட்டில் கோழி இல்லாத நாளே கிடையாது, இப்படி ஒரு பட்டியலை இன்றுதான் பார்க்கிறேன். கோழியைக் கவிழ்த்து மூடுகிற மூங்கில் பஞ்சாரம் ஒன்று, அகலமான மண்சட்டி இரண்டு, ஒரு சாக்கு உமி போதும். குஞ்சு வாங்காதீர்கள். குஞ்சோடு இருக்கும் சிறுவிடை (சின்ன உடம்பு நாட்டுக்கோழி) தாய்க்கோழி ஒன்று வாங்குங்கள். சூடு கொடுப்பது, தீனி பொறுக்கக் கற்றுக்கொடுப்பது, பருந்து வட்டமிட்டால் குரல் கொடுத்துக் குஞ்சுகளை ஒளிய வைப்பது எல்லாம் அதன் வேலை. கரண்ட் பில் கிடையாது.

நாமக்கல்_பண்ணை:
அண்ணே, உங்கள் வீட்டில் தலைமுறையாகக் கோழி இருக்கிறது. கோழி உம்மென்று நின்றாலே என்ன ஏது என்று உங்களுக்குத் தெரியும். வாசுகி மேடத்துக்குத் தெரியாது. அந்தத் தாய்க்கோழியை எங்கே வாங்கச் சொல்கிறீர்கள்? வாரச் சந்தையில்தானே? ஒரு தெருவில் வெள்ளைக்கழிச்சல் நோய் தட்டினால் மிச்சக் கோழியையாவது காசாக்கலாம் என்று மறுநாளே சந்தைக்கு ஓட்டிவிடுவார்கள். பத்து ஊர்க் கோழி ஒரே கூடையில் கிடக்கும். முதல்முறை வளர்ப்பவர் அதை வாங்கி வருவது நோயை விலை கொடுத்து வாங்குவதுதான். நல்ல பொரிப்பகத்தில் முதல் நாளே மாரெக்ஸ் என்ற வைரஸ் நோய்க்குத் தடுப்பூசி போட்டுக் குஞ்சு கொடுக்கிறார்கள். எனவே குஞ்சு வாங்குவதில் தப்பில்லை. குஞ்சு என்றால் சூடு கட்டாயம். முதல் வாரம் குஞ்சு இருக்கும் இடத்தில் 35 டிகிரி வேண்டும், அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம்.

கொல்லைக்கோழி:
சித்திரை வைகாசியில் திருச்சி மத்தியானம் 38, 40 காய்கிறது தம்பி. அதில் ஹீட் பல்பு வேறா? குஞ்சு வெந்துபோகும்.

நாமக்கல்_பண்ணை:
பகலில் அணைத்துவிடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் கோடைமழை பெய்து இரவில் குளிர்காற்று அடித்தால்? தெர்மாமீட்டர்கூட வேண்டாம், குஞ்சுகளைப் பார்த்தாலே போதும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்தால் குளிர்கிறது. ஓரத்துக்குப் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரி. ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்பது கணக்கு, 20 குஞ்சுக்கு 40 வாட் குண்டு பல்பு ஒன்று போதும். அதற்காக விலை உயர்ந்த ஹீட் பல்பு தேவையில்லை, இதில் கடைக்காரரோடு எனக்கும் உடன்பாடில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: வீட்டில் இருக்கும் எல்ஈடி பல்பை மாட்டிவிடாதீர்கள். வெளிச்சம் வரும், குஞ்சுக்கு வேண்டிய சூடு வராது. பல்பைச் சுற்றி அட்டையை ஒன்றரை அடி உயரத்துக்கு வட்டமாக நிறுத்துங்கள். சதுரப் பெட்டியில் விட்டால் குஞ்சுகள் மூலையில் குவிந்து ஒன்றையொன்று நசுக்கிவிடும்.

மாடிவீட்டு_மாலதி:
எல்லோரும் பல்பைப் பற்றியே பேசுகிறீர்கள். ஒரு நாள் குஞ்சு 20 வாங்கினால் அதில் ஏறக்குறைய பாதி சேவல் வரும் என்று யாராவது வாசுகிக்குச் சொன்னீர்களா? அவர் கேட்பது முட்டை. நாலைந்து மாதத்தில் சேவல்கள் ஒன்றையொன்று கொத்தி ரத்தம் பார்க்கும், விடியற்காலை நான்கு மணிக்கே கூவும். புது வீடு, புது அக்கம்பக்கம். முட்டை போட சேவலே தேவையில்லை, குஞ்சு பொரிக்க வேண்டும் என்றால்தான் வேண்டும். நான் சென்னையில் மொட்டைமாடியில் பெட்டை மட்டும் வைத்திருக்கிறேன். பெட்டை என்று தெரிகிற வயதில், ஊசி போட்டதாக வாங்குவதுதான் புதியவர்களுக்கு நல்லது. விலை கூடுதல்தான். ஆனால் பல்பு, அட்டை, குஞ்சுத் தீவனம் என்று பட்டியலில் பாதி கழன்றுவிடும்.

வாசுகி_திருவெறும்பூர்:
பாதி சேவல் வரும் என்பது எனக்குத் தெரியாது. கடையிலும் சொல்லவில்லை. நன்றி அக்கா. சரி, ஐந்து பெட்டை இருந்தால் நான்கு பேருக்கு முட்டை தேறுமா?

கொல்லைக்கோழி:
சிறுவிடை என்றால் ஒரு அடைக்குப் பத்திலிருந்து பதினைந்து முட்டை வைத்துவிட்டு அடையில் உட்கார்ந்துவிடும். வருடத்தில் மூன்று நான்கு அடை. தினமும் முட்டை வேண்டும் என்று அதனிடம் எதிர்பார்க்க முடியாது. ருசியும் குஞ்சுமே அதில் லாபம்.

நாமக்கல்_பண்ணை:
அதைத்தான் சொல்ல வந்தேன். ஐந்து சிறுவிடை சேர்ந்து வருடத்துக்கு 250, 300 முட்டை. நான்கு பேருக்கு அது வாரம் ஐந்தாறு முட்டை. முட்டைதான் முக்கியம் என்றால் ஐதராபாத் கோழியின ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய கிராமப்பிரியா மாதிரி இனம் பாருங்கள். கொல்லையில் மேயும், கோழி ஒன்று வருடத்துக்கு 200ஐ ஒட்டி முட்டை போடும். அடை உட்காருவது அபூர்வம். என்ன இனம் என்பதை முடிவு செய்யாமல் சாமான் வாங்குவது தலைகீழ் வேலை.

கொல்லைக்கோழி:
கிராமப்பிரியாவுக்குத் தீவனம் சரியாகப் போட்டால்தான் அந்த 200. மேய்ச்சலும் அரிசி நொய்யும் மட்டும் கொடுத்தால் அதுவும் குறைத்துவிடும். அதையும் சொல்லுங்கள் தம்பி.

ஓய்வுபெற்ற_ஆய்வாளர்:
கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இத்தனை பேர் எழுதியும் ஒருவர் பட்டியலிலும் ஐஸ் போட்ட பிளாஸ்க் இல்லை. அம்மா, லிவர் டானிக்கை அடித்துவிட்டு அந்த இடத்தில் பிளாஸ்க் என்று எழுதுங்கள்.

வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட், வைரஸ் நோய். வந்தபின் மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டும்தான். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா என்ற தடுப்பு மருந்து ஒரு சொட்டு, நான்காவது வாரத்தில் திரும்பவும் ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கைக்கு அடியில் அதே நோய்க்கான ஆர்2பி ஊசி. இடையில் இரண்டாவது வாரத்தில் கம்போரோ நோய்க்கும் சொட்டு உண்டு. ஆர்2பி வீரியம் கூடிய மருந்து. சின்னக் குஞ்சுக்கு அவசரப்பட்டுப் போட்டால் கால் வாதம் வந்து விழுந்துவிடும். இந்த மருந்துகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சட்டைப்பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தால் வெறும் தண்ணீரைப் போட்ட மாதிரிதான். கலக்கிய மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

இன்னொரு சங்கடம், ஒரு குப்பியில் 100 கோழிக்கு மேல் போடுகிற அளவு இருக்கும். ஐந்து கோழிக்காக உடைத்தால் மீதி வீண். தெருவில் கோழி வைத்திருப்பவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் போடுங்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வருடாவருடம் பிப்ரவரியை ஒட்டி ஊர் ஊராக முகாமும் நடக்கும்.

கொல்லைக்கோழி:
ஐயா சொன்னால் சரி. ஆனால் எங்கள் அப்பத்தா காலத்தில் பிளாஸ்க் ஏது? சின்ன வெங்காயம், மஞ்சள், கீழாநெல்லி அரைத்து உருட்டி வாயில் போடுவார். கோழி வளரத்தான் செய்தது.

ஓய்வுபெற்ற_ஆய்வாளர்:
வளர்ந்தது. ஒரு கழிச்சல் அடித்தால் ஊரில் இருக்கும் மொத்தக் கோழியும் போய், மறுபடி ஒரு பெட்டையிலிருந்து தொடங்குவார்கள். அதையும் உங்கள் அப்பத்தா சொல்லியிருப்பார். அந்த உருண்டையைக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊசிக்குப் பதில் அது என்றால்தான் நான் சண்டைக்கு வருவேன்.

கொல்லைக்கோழி:
ஊசி வேண்டாம் என்று நான் எங்கே எழுதினேன்? 16,000 ரூபாய் வேண்டாம் என்றுதான் எழுதினேன்.

நாமக்கல்_பண்ணை:
அப்படியானால் கூண்டுக்கு வருவோம். பஞ்சாரம் பகலில் காக்காய்க்கும் பருந்துக்கும் சரி. இரவில் கீரி, மரநாய், பெருச்சாளி வந்தால்? தெருநாய் மூக்கால் தள்ளினாலே பஞ்சாரம் கவிழ்ந்துவிடும். ஒரே இரவில் எல்லாம் காலி. வாசுகி மேடம் வீடு ஊர் ஓரம், கொய்யா மரம் வேறு. பழ வாசனைக்கு மரநாய் வராமல் இருக்காது. இரும்புக் கூண்டு வீண் செலவு இல்லை.

கொல்லைக்கோழி:
நாங்கள் பஞ்சாரத்தைத் திண்ணையில் கவிழ்த்து மேலே அம்மிக்குழவியை வைப்போம். இருந்தாலும் ஊர் ஓரம் என்பதால் ராக்கூடு ஒன்று வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். கடைக்காரர் சொல்லும் கூண்டை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். கம்பித் தரையிலேயே நிற்கும் கோழிக்குக் கால் ஆணி வரும். கிளறவும் மண்ணில் குளிக்கவும் வழியில்லாவிட்டால் சும்மா இருக்கும் கோழி பக்கத்துக் கோழியின் இறகைப் பிடுங்கும். பழைய மரக்கட்டிலும் நான்கு தகரமும் இருந்தால் ஊர் ஆசாரி ஒரு நாளில் அடித்துத் தருவார். இரண்டடி உயரத்தில் கால், பலகைத் தரை, மேலே உமி. உள்ளே உட்காரக் கொப்பு ஒன்று குறுக்கே. முட்டையிட ஓரத்தில் வைக்கோல் போட்ட கூடை. ஐந்து கோழிக்கு நாலடிக்கு மூன்றடி தாராளம்.

நாமக்கல்_பண்ணை:
அதில் அடிக்கும் வலைதான் முக்கியம். அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழி வலையை வாங்காதீர்கள். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், நாய் உள்ளே வராமல் தடுக்காது, பல்லால் பிய்த்துவிடும். அரை அங்குலக் கண் வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த கெட்டி வலை) வாங்குங்கள். பாம்பும் எலியும்கூட நுழையாது. கதவுக்குச் சும்மா கொக்கி போதாது, தாழ்ப்பாள் போடுங்கள். நிப்பிள் விஷயத்தில் மட்டும் அண்ணன் பக்கம் நானும் வருகிறேன். உங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் நிப்பிள் அடைத்துக்கொள்ளும், அடைத்தது வெயிலில் கோழி வாடும்போதுதான் தெரியும். அஞ்சு கோழிக்கு சாதாரண டிரிங்கர் போதும்.

மாடிவீட்டு_மாலதி:
டிரிங்கரும் வேண்டாம், மண்சட்டியில் தண்ணீர் குளுகுளுவென்று இருக்கும். குஞ்சு இருந்தால் மட்டும் சட்டியில் கூழாங்கல் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் விழுந்து நனைந்தே செத்துவிடும்.

நாமக்கல்_பண்ணை:
சட்டியில் எச்சம் விழும் அக்கா. தினமும் இரண்டு தரம் கழுவ ஆள் இருந்தால் சட்டி. இல்லாவிட்டால் டிரிங்கர். விலை பெரிய விஷயமே இல்லை, இதில் எதற்கு மிச்சம் பிடிப்பது?

வாசுகி_திருவெறும்பூர்:
50 கிலோ மூட்டை? பெட்டையாக வாங்கினால் குஞ்சுத் தீவனம் வேண்டாம் என்று புரிகிறது. முட்டைக்கோழித் தீவனம் மூட்டையாக வாங்கலாமா?

நாமக்கல்_பண்ணை:
வளர்ந்த கோழி ஒன்று நாளைக்கு 100 கிராம் சுமாருக்குத் தின்னும். ஐந்துக்கு அரை கிலோ. 50 கிலோ மூட்டை மூன்று மாதத்துக்கு மேல் வரும், அதற்குள் பூசணம் பிடித்துவிடும். பூசணம் பிடித்த மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் கோழிக்கு விஷம், ஈரல் போய்விடும். அதைக் கொடுத்துவிட்டு லிவர் டானிக் ஊற்றிப் பயனில்லை. பத்து கிலோ சில்லறையாக வாங்கி, மூடி உள்ள டிரம்மில் போட்டு, செங்கல் மேல் வையுங்கள். முட்டை போட ஆரம்பிக்கும் வரை முட்டைக்கோழித் தீவனம் கொடுக்கக் கூடாது. அதில் சுண்ணாம்புச்சத்து அதிகம், இளங்கோழியின் சிறுநீரகம் தாங்காது. அதுவரை வளர்கோழித் தீவனம்தான்.

கொல்லைக்கோழி:
வீட்டிலேயே முருங்கை நிற்கிறது, கீரையை ஒடித்துக் கட்டித் தொங்கவிடுங்கள். பழைய பானையில் சாணியும் கிழிந்த சாக்கும் போட்டுத் தண்ணீர் தெளித்து மாலையில் கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் ஏறியிருக்கும். புரதத்துக்கு அதைவிட என்ன வேண்டும்? முட்டை ஓடு மெலிந்தால் கிளிஞ்சலை இடித்துத் தனிச் சட்டியில் வையுங்கள். கடைத் தீவனம் பாதி, மேய்ச்சல் பாதி.

நாமக்கல்_பண்ணை:
இரண்டு சென்ட் மேய்ச்சலை ஐந்து கோழி ஒரு மாதத்தில் மொட்டைத் தரையாக்கிவிடும். அப்புறம் கடைத் தீவனமே முக்கால் பங்கு ஆகும். வாசுகி மேடம், அதற்கு மாதச் செலவில் இடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கொல்லைக்கோழி:
கொல்லையை வலை கட்டி இரண்டாகப் பிரித்து மாற்றி மாற்றி விட்டால் புல் தழைக்கும். பண்ணைக்காரர்களுக்குக் கோழி என்றாலே மூட்டைதான் ஞாபகம் வருகிறது.

நாமக்கல்_பண்ணை:
மூட்டைக்குக் கணக்கு இருக்கிறது அண்ணே. கரையானுக்குக் கணக்கு யார் வைத்திருக்கிறார்கள்?

மாடிவீட்டு_மாலதி:
அடுப்புச் சாம்பலை விட்டுவிட்டீர்கள். ஒரு பழைய பேசினில் சாம்பலும் மணலும் கலந்து வையுங்கள், கோழி அதில் புரண்டு குளித்தால் உடம்பில் ஒட்டும் செள்ளுப் பூச்சித் தொல்லை பெரும்பாலும் குறையும். கூட்டுச் சுவரின் இடுக்குகளுக்குச் சுண்ணாம்பு அடியுங்கள், செள் அங்கேதான் ஒளியும்.

வாசுகி_திருவெறும்பூர்:
புதுப் பட்டியல் போடுகிறேன், திருத்துங்கள். மூன்று மாத வயது பெட்டை ஐந்து, ஊசி போட்ட விவரத்தோடு. ஆசாரியிடம் கால் வைத்த மரக்கூடு, வெல்டு மெஷ், தாழ்ப்பாள். உமி ஒரு சாக்கு, வளர்கோழித் தீவனம் பத்து கிலோ, மூடி டிரம், டிரிங்கர் ஒன்று, மண்சட்டி ஒன்று, ஒரு பஞ்சாரம், ஐஸ் பிளாஸ்க். டானிக், ஹீட் பல்பு, நிப்பிள் இல்லை. இனம்தான் முடிவாகவில்லை. நான் கிராமப்பிரியா பக்கம், என் மாமியார் சிறுவிடை பக்கம்.

கொல்லைக்கோழி:
உங்கள் மாமியாருக்கு என் வணக்கம்.

நாமக்கல்_பண்ணை:
மூன்று கிராமப்பிரியா, இரண்டு சிறுவிடை என்று சமரசம் செய்யப் போனால் ஒரே இடத்தில், ஒரே வயதில் வாங்குங்கள். இரண்டு இடத்தில் வாங்கினால் பின்னால் வந்ததை மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். அந்தப் பஞ்சாரம் அதற்கு ஆகும்.

ஓய்வுபெற்ற_ஆய்வாளர்:
ஊசி போட்டாயிற்று என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் நம்ப வேண்டாம். எந்தத் தேதியில் எந்த மருந்து என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தராவிட்டால் பத்து நாள் கழித்து மருந்தகத்தில் ஆர்2பி போட்டுவிடுங்கள், கோழி சுறுசுறுப்பாக இருக்கும் நாளாகப் பார்த்து. அதற்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு மருந்து கொடுத்துவிட வேண்டும். கூட்டை நீளவாக்கில் கிழக்கு மேற்காக வைக்கச் சொல்லுங்கள், மத்தியான வெயில் உள்ளே விழாது. கூரைக்குத் தகரம் போட்டால் மேலே தென்னங்கீற்று வேய்ந்துவிடுங்கள்.