சிக்னலில் நின்றால் பாட்டு அறுந்து போகிறது, மேப் "திரும்பவும்" என்று மட்டும் சொல்கிறது: உதவி தேவை

தாம்பரம்150:

வணக்கம். எனக்கு வாட்டர் ப்யூரிஃபையர் சர்வீஸ் வேலை. தாம்பரத்தில் கிளம்பினால் ஒரு நாள் வடபழனி, ஒரு நாள் மேடவாக்கம், ஒரு நாள் போரூர். தினமும் ஆறேழு வீடு, எல்லாம் புது விலாசம். மேப் இல்லாமல் ஒரு தெருவும் நகராது. வண்டி 2014 மாடல் 150 சிசி. போன் மூன்று வருடப் பழசு, ஆண்ட்ராய்டு.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு கடையில் ஹேண்டில்பாரில் காந்த ஹோல்டரும் யூஎஸ்பி சார்ஜரும் மாட்டினேன். அன்றிலிருந்து தலைவலி.

வண்டி ஓடும்போது சார்ஜ் ஏறுகிறது. சிக்னலில் நின்றால் "டிங்" என்று அறுந்து, மறுபடி "டிங்" என்று ஏறி, மறுபடி அறுகிறது. ஒவ்வொரு டிங்குக்கும் பாட்டு ஒரு நொடி நின்று வருகிறது. சார்ஜரை இரண்டு முறை மாற்றினேன். கேபிள் இது மூன்றாவது.

வெறுத்துப்போய்ப் பாட்டையே நிறுத்திவிட்டு மேப் குரலை மட்டும் ஹெல்மெட் ப்ளூடூத்தில் கேட்கிறேன். இப்போது அதில் முதல் வார்த்தை விழுங்கப்படுகிறது. "இடதுபுறம் திரும்பவும்" என்பது "...திரும்பவும்" என்று கேட்கிறது. எந்தப் பக்கம் என்று குலதெய்வத்தைத்தான் கேட்க வேண்டும். போன வியாழக்கிழமை கத்திப்பாரா மேம்பாலத்தில் வடபழனிப் பக்கம் இறங்க வேண்டியவன், கிண்டி தாண்டி சின்னமலையில் போய் நின்றேன். கஸ்டமர் மூன்று முறை போன் செய்துவிட்டார்.

இன்னொன்று, சிக்னலில் நிற்கும்போது மேப்பில் அம்புக்குறி திருவாரூர்த் தேர் மாதிரி மெல்லத் திரும்புகிறது. வண்டி நகர்ந்தால் சரியாகிவிடுகிறது.

போன் ஆயுசு முடிந்துவிட்டதா? புதிது வாங்க இப்போது காசு இல்லை.

மூணாவது ஷிப்ட்:

ப்ரோ, சாப்பாடு டெலிவரியில் நாலு வருஷம் ஆச்சு. வண்டி சார்ஜரை நம்பாதீங்க. பவர் பேங்க்கை டேங்க் பையில் போட்டு நேராகக் குத்திவிடுங்க. எங்கள் பசங்க பாதிப் பேர் அப்படித்தான். ராத்திரி ரூமில் பவர் பேங்க் சார்ஜ், பகலில் போன் சார்ஜ். ஒயரிங் பஞ்சாயத்தே இல்லை.

அப்புறம் மேப்பில் கார் குறியை விட்டுவிட்டு பைக் குறியை அழுத்தியிருக்கீங்களா? 2017 டிசம்பரில் இந்தியாவுக்குத்தான் அதை முதலில் விட்டாங்க. நிறையப் பேர் இன்னும் கார் குறியிலேயே ஓட்டிக்கொண்டு "மேப் சுத்த விடுது" என்று திட்டுறாங்க.

ஒயர்மேன் குரோம்பேட்டை:

பவர் பேங்க் நல்ல யோசனைதான், ஆனால் அது வியாதியை மறைக்கிற மாத்திரை. தம்பி, இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஒன்று, பகலில் ஹெட்லைட் போடாமல் சார்ஜ் ஏறுகிறதா? இரண்டு, ராத்திரியில் ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது, ஹெட்லைட் மங்கலாகி, ஆக்சிலேட்டர் முறுக்கினால் பிரகாசமாகிறதா?

தாம்பரம்150:

அண்ணே, ஹெட்லைட் போட்டால்தான் ஏறும். கடைக்காரரே "சார்ஜ் வேணும்னா லைட்டைப் போட்டுக்குங்க" என்று சொன்னார். நானும் அதுதான் முறை என்று நினைத்துவிட்டேன். எதிரில் வருகிறவர்கள் எல்லாம் கையை மூடி மூடிக் காட்டுகிறார்கள், லைட் எரியுது என்று. ஐடிலில் லைட் மங்கல்தான், வாங்கின நாளிலிருந்தே அப்படி.

ஒயர்மேன் குரோம்பேட்டை:

கிடைத்துவிட்டது. உங்கள் போனிலும் கோளாறு இல்லை, வாங்கின மூன்று சார்ஜரிலும் கோளாறு இல்லை. அநியாயமாக மாற்றியிருக்கிறீர்கள்.

உங்கள் காலத்து வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குப் பேட்டரி கரண்ட் போகாது. இன்ஜினோடு சுற்றுகிற மேக்னெட் காயிலில் பிறக்கிற ஏசி கரண்ட் (திசை மாறி மாறி ஓடுகிற கரண்ட்), ஆர்ஆர் யூனிட்டில் (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) அளவு கட்டுப்பட்டு, நேராக பல்புக்குப் போகும். இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு கரண்ட். அதனால்தான் ஐடிலில் மங்கல், முறுக்கினால் பளிச். பல்புக்கு ஏசியும் ஒன்று, பேட்டரி தருகிற டிசியும் (ஒரே திசையில் ஓடுகிற கரண்ட்) ஒன்று, சூடானால் போதும். ஆனால் யூஎஸ்பி சார்ஜர் 12 வோல்ட் டிசிக்குச் செய்தது. உங்கள் கடைக்காரர் கைக்கு எட்டின ஹெட்லைட் ஒயரில் சொருகிவிட்டார். வேகமாகப் போகும்போது ஏதோ ஒப்பேற்றும். சிக்னலில் நின்றதும் வோல்டேஜ் இறங்கும், சார்ஜர் அணைந்து எரியும். அதுதான் உங்கள் டிங் டிங். இந்தக் கூத்து நீடித்தால் நல்ல சார்ஜரும் சீக்கிரம் போகும்.

என் பேச்சை நம்ப வேண்டாம். ரிச்சி தெருவில் சின்ன மல்ட்டிமீட்டர் வாங்கி, வண்டியை நிறுத்தி இன்ஜினை மட்டும் ஓடவிட்டு அந்த ஒயரை ஏசி ரேஞ்சில் வைத்துப் பாருங்கள், எண் வரும். அதையே பேட்டரி முனையில் டிசி ரேஞ்சில் வைத்தால், வண்டி அணைந்திருக்கும்போது 12 சொச்சம், ஓடும்போது 14 பக்கம் காட்ட வேண்டும்.

செய்ய வேண்டியது: ஹெட்லைட் ஒயரை விட்டுவிடுங்கள். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு ஒயர், பேட்டரியை ஒட்டியே 3 ஆம்ப் ஃப்யூஸ், அங்கிருந்து ரிலே (கரண்ட் கொடுத்துத் தூண்டினால் தானாகப் போடுகிற ஸ்விட்ச்), ரிலேயிலிருந்து சார்ஜர். ரிலேயைத் தூண்டுவதற்குச் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற ஒயர் ஒன்று வேண்டும். ஹார்னுக்கோ பிரேக் லைட்டுக்கோ போகிற லைனில் எடுக்கலாம், மீட்டரில் பார்த்து உறுதி செய்துகொண்டு. ரிலே இல்லாமல் பேட்டரியில் நேராகக் கொடுத்தாலும் வேலை செய்யும். ஆனால் சாவி எடுத்த பிறகும் சார்ஜர் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பத்து நாள் ஊருக்குப் போய் வந்தால் செல்ஃப் எடுக்காது.

5 வோல்ட் 2 ஆம்ப் என்றால் 10 வாட். பேட்டரிப் பக்கம் இழப்பெல்லாம் சேர்த்து 1 ஆம்ப்தான் வரும். உங்கள் வண்டிக்கு இது பாரமே இல்லை. 3 ஆம்ப் ஃப்யூஸ் போதும் என்று சொன்னது அதனால்தான். சிலர் வீட்டில் கிடக்கிறதே என்று 15 ஆம்ப் ஃப்யூஸ் போடுவார்கள். அந்தச் சின்ன ஒயர் உருகிப் புகைந்தாலும் அந்த ஃப்யூஸ் போகாது, பிறகு அதை எதற்குப் போடுவது?

தாம்பரம்150:

அண்ணே, இரண்டு மாதமாக யாரும் இதைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்துவிடுகிறேன். ஆனால் முதல் வார்த்தை விழுங்குவதற்கும் இதுதான் காரணமா?

ஸ்கூட்டர் அக்கா:

அதற்கு நேரடிக் காரணம் வேறு. ஆனால் சுற்றி வளைத்து அங்கேதான் வந்து நிற்கும்.

ப்ளூடூத் ஸ்பீக்கர்கள் கொஞ்ச நேரம் சத்தம் எதுவும் வராவிட்டால் சார்ஜை மிச்சம் பிடிக்கக் கண்ணயர்ந்துவிடும். மேப் பேச ஆரம்பித்ததும் விழித்துக்கொள்ளும், ஆனால் விழிப்பதற்குள் முதல் வார்த்தை போய்விடும். நம் தமிழில் பக்கம் முதலில் வருகிறது, வினை கடைசியில் வருகிறது. ஆகவே போவது "இடதுபுறம்", மிஞ்சுவது "திரும்பவும்". என் தங்கை ஆங்கிலக் குரல் வைத்திருந்தாள், அவளுக்கு "லெஃப்ட்" தப்பித்துவிடும்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் ஸ்பீக்கர் தூங்காது. மேப் பேசும்போது பாட்டு தானாகத் தணிந்து, குரல் முழுசாக வரும். நீங்கள் டிங் தொல்லையால் பாட்டை நிறுத்தினீர்கள், அதனால் குரல் அறுந்தது. ஒயரைச் சரிசெய்து, பாட்டை மெல்லிய சத்தத்தில் மறுபடி போட்டுப் பாருங்கள். பாட்டு வேண்டாம் என்றால், மழைச் சத்தம் மாதிரி ஏதாவது ஓடவிட்டாலும் போதும்.

அம்புக்குறி சுற்றுவது காந்த ஹோல்டரால். வண்டி ஓடும்போது மேப் நீங்கள் நகர்கிற தடத்தை வைத்துத் திசை கண்டுபிடிக்கும். நின்றுவிட்டால் தடம் கிடையாது, போனுக்குள் இருக்கிற திசைகாட்டியைத்தான் கேட்கும். அதன் முதுகிலேயே காந்தத்தை ஒட்டிவைத்தால் அது பாவம் என்ன செய்யும்? நாலு மூலையிலும் பிடிக்கிற சாதாரண கிளாம்ப் ஹோல்டராக மாற்றுங்கள். மாற்றின பிறகு போனைக் கையில் வைத்து எட்டு போட்டு ஒருமுறை சரிசெய்யுங்கள்.

மூணாவது ஷிப்ட்:

கத்திப்பாராவுக்கு இது எதுவும் உதவாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நாம் பாலத்துக்கு மேலே இருக்கோமா, கீழே சர்வீஸ் ரோட்டில் இருக்கோமா என்று ஜிபிஎஸ்ஸுக்குச் சரியாகத் தெரியாது, இரண்டும் வரைபடத்தில் ஒரே புள்ளிதான். அங்கே போர்டைத்தான் பார்க்கணும். அதே மாதிரி மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கிற இடங்களில் தடுப்பு நேற்று ஒரு பக்கம், இன்று ஒரு பக்கம். ஓஎம்ஆரில் மேப் காட்டின யூ டர்னைத் தேடி நான் இரண்டு கிலோமீட்டர் போயிருக்கேன்.

பைபாஸ் ரைடர்:

இன்னொரு விஷயம், யாரும் கேட்கவில்லை. அந்த போனில் போட்டோ தெளிவாக வருகிறதா? கேமராவில் ஓஐஎஸ் (கை நடுங்கினாலும் படம் கலங்காமல் காக்கிற அமைப்பு) இருந்தால் லென்ஸ் ஸ்பிரிங்கில் மிதக்கிற மாதிரி இருக்கும், கை நடுக்கத்துக்கு எதிர்த் திசையில் காந்தம் அதை நகர்த்தும். இன்ஜின் அதிர்வு மணிக்கணக்கில் ஹேண்டில்பார் வழியாக ஏறினால் அந்த அமைப்பு கெடலாம். ஆப்பிளே 2021 செப்டம்பரில் இதை வெளிப்படையாக எச்சரித்தது. சக்தி வாய்ந்த பைக்குகளில் போனை மாட்டவே வேண்டாம், சின்ன ஸ்கூட்டர் என்றாலும் அதிர்வு தணிக்கிற ஹோல்டர் போடுங்கள் என்று. ஆண்ட்ராய்டு கேமராவுக்கும் இயற்பியல் அதேதான்.

தாம்பரம்150:

அய்யோ. ஃபில்டர் சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்தால் ஒரு மாதமாகக் கலங்கலாகத்தான் வருகிறது. கேமராவைத் திறந்தால் உள்ளே வண்டு மாதிரி ஒரு சத்தம். லென்ஸில் அழுக்கு என்று தினமும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பைபாஸ் ரைடர்:

அது போயேபோச்சு, கேமரா மாட்யூல் மாற்ற வேண்டும். வருத்தம்தான். ஆனால் இனிமேல் கெடுவதற்கு எதுவும் இல்லை, அந்தப் போனை வண்டிக்கே நேர்ந்துவிடலாம்!

ஸ்கூட்டர் அக்கா:

கத்திரி வெயிலையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மே மாதம் மதியம் ஸ்கிரீன் தானாக மங்கி, சார்ஜ் நின்றால் உடனே ஒயர்மேன் அண்ணாவைத் திட்டாதீர்கள். பல போன்களை 35 டிகிரி வரைக்கும்தான் பயன்படுத்தச் சொல்கிறார்கள், நம் ஊர் 40ஐத் தாண்டும். நேர் வெயில், முழு வெளிச்சம், ஜிபிஎஸ், சார்ஜ் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் பேட்டரியைக் காப்பாற்றப் போனே சார்ஜை நிறுத்திவிடும். அந்தக் கறுப்பு வாட்டர் ப்ரூஃப் பையை ஐப்பசி மழைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் அதற்குள் போன் இட்லி மாதிரி வெந்துவிடும். மழையில் பை இல்லாமல் போனால் வேறு தொல்லை, துளி விழுந்தாலே விரல் பட்டதாக நினைத்து மேப்பை எங்கோ இழுத்துவிடும்.

மூணாவது ஷிப்ட்:

போலீஸ் பிடிக்க மாட்டாங்களா ஹோல்டரில் போன் வைத்தால்? என்னை ஒருமுறை நிறுத்தியிருக்காங்க.

பைபாஸ் ரைடர்:

2020 அக்டோபர் 1 முதல் விதி திருத்தப்பட்டிருக்கிறது. ஓட்டும்போது கையடக்க போனை வழி பார்க்க மட்டும், அதுவும் கவனம் சிதறாத விதத்தில் பயன்படுத்தலாம். பேசுவதோ மெசேஜ் பார்ப்பதோ மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதலாகிவிடும். ஹோல்டரில் வாட்ஸ்அப் நோட்டிஃபிகேஷன் வந்துகொண்டே இருந்தால் நாம் அதைப் பார்க்காமல் இருக்க மாட்டோம், ஓட்டும்போது அதை அணைத்துவிடுங்கள். இரண்டு காதிலும் இயர்போன் சொருகிக்கொண்டு போவதைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை. பின்னால் பஸ் ஹார்ன் அடித்தாலாவது கேட்க வேண்டாமா?

தாம்பரம்150:

ஞாயிற்றுக்கிழமை கதை.

மீட்டர் வாங்கினேன். ஹெட்லைட் ஒயரில் ஏசி ரேஞ்சில் எண் வந்தது, முறுக்கினால் ஏறியது. ஒயர்மேன் அண்ணா சொன்னது அச்சு அசல். சீட்டைக் கழற்றி, பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், ரிலே எல்லாம் போட்டேன். முதலில் ரிலேயில் இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்து, சாவியை எடுத்த பிறகு சார்ஜர் எரிந்தது. மாமா பையன் பார்த்துச் சிரித்துவிட்டுச் சரிசெய்தான்.

திங்கட்கிழமை ஜிஎஸ்டி ரோட்டில் பல்லாவரம் சிக்னலில் நாலு நிமிஷம் நின்றேன். ஒரு டிங் கூட இல்லை. ஹெட்லைட் இல்லாமலே சார்ஜ். பாட்டை மெல்லமாக வைத்தேன், "இடதுபுறம் திரும்பவும்" முழுசாகக் கேட்டது. கிளாம்ப் ஹோல்டர் வந்த பிறகு அம்புக்குறியும் சொன்ன பேச்சைக் கேட்கிறது.

கேமரா சரியாகவில்லை. மாட்யூலுக்குக் கேட்ட விலையில் பழைய போன் ஒன்று வாங்கலாம் போலிருக்கிறது. சீரியல் நம்பரை இப்போது நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.

ஒயர்மேன் குரோம்பேட்டை:

நல்லது தம்பி. அறுத்த ஹெட்லைட் ஒயரில் டேப் சுற்றினீர்களா? மழைக்கு முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

தாம்பரம்150:

சுற்றிவிட்டேன் அண்ணே. இரண்டு சுற்று.