நடு மரம் வளையுது, கயிறு தொங்குது. அவசரம்!!

கடலைமிட்டாய்82 | வெள்ளி, இரவு 11:40
வணக்கம். பாய்மரக் கப்பல் மாடல் ஒண்ணு செய்யுறேன், முக்கால்வாசி முடிஞ்சுது, கயிறு கட்டுற இடத்துல மாட்டிக்கிட்டேன். நடு மரத்தோட மேல் துண்டு வில்லு மாதிரி பின்னாடி வளையுது. அதை நிமித்தலாம்னு முன்கயிறை இழுத்தா, ஏற்கெனவே கட்டின இன்னொரு கயிறு துணி காயப்போடுற கொடி மாதிரி தொங்குது. அதை இறுக்கினா இது தொங்குது. மூணு நாளா இதே கதை. அடுத்த ஞாயிறு அப்பாவுக்கு எழுபது, அன்னைக்குக் கொடுக்கணும். துறைமுகத்துல முப்பது வருஷம் வேலை பார்த்தவர், தொங்குற கயிறைப் பார்த்தா எல்லார் முன்னாடியும் கேட்டுடுவார். யாராவது சொல்லுங்க.

நூல்கண்டு | வெள்ளி, இரவு 11:52
எந்தக் கப்பல்? என்ன அளவு? நடு மரம்னா ரெண்டாவது பாய்மரமா? கிட் மரக்கட்டையா பிளாஸ்டிக்கா? என்ன நூல்? பாய்மரத்தை டெக்ல ஒட்டியாச்சா, சும்மா நிக்குதா? ஒரு போட்டோ போட்டா இதுல பாதி கேள்வி மிச்சம்.

வடபழனி_வார்னிஷ் | சனி, காலை 6:15
நூல்தான் சார். கண்ணை மூடிட்டுச் சொல்றேன், பருத்தி நூல். ராத்திரி ஏசி போடுவீங்க, காலையில ஜன்னலைத் திறப்பீங்க. முறுக்கின பருத்தி ஈரம் குடிச்சா தடிச்சு நீளம் குறையும், காய்ஞ்சா தளரும். மழையில கொடிக்கயிறு விறைச்சு நிக்கிறதைப் பார்த்ததில்லையா? பாலியெஸ்டருக்கு மாறுங்க. நைலான் பக்கம் போகாதீங்க, அது ஈரத்துல நீளும். நான் ஒரு கப்பலை இப்படித்தான் ரெண்டு தடவை கட்டினேன்.

சைக்கிள்கம்பி | சனி, காலை 7:02
நூல்ல ஒண்ணும் இல்ல. பிளாஸ்டிக் பாய்மரம் வளையத்தான் செய்யும், அது அதோட குணம். கீழ் மரம் ரெண்டு பாதியா வந்தா ஒட்டுறதுக்கு முன்னாடி உள்ளே சைக்கிள் ஸ்போக் வெக்கணும். மேல் துண்டை வெட்டிட்டு அந்த இடத்துல ஸ்போக்கையே ராவி வெச்சிடணும். 14 கேஜ் ஸ்போக் சரியா 2 மி.மீ. சைக்கிள் கடையில பழசு சும்மாவே கிடைக்கும்.

மூத்த_மாலுமி | சனி, காலை 9:30
புதியவர்கள் கேள்வி கேட்கும் முன் பழைய விவாத இழைகளைத் தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம். இதே கேள்விக்கு நானே பலமுறை பதில் எழுதியிருக்கிறேன். கப்பல் மரபு தெளிவானது. முதலில் மரத்தைப் பக்கவாட்டில் பிடிக்கும் ஷ்ரௌட் கயிறுகள், பிறகு முன்புறம் பிடிக்கும் ஸ்டே கயிறுகள். மரத்தின் தலையில் ஷ்ரௌட்களின் கண்ணிகள்தான் அடியில் உட்காரும், அவற்றின் மேல் ஸ்டே வரும். வரிசையை மாற்றியவருக்கு இதுதான் கதி. இன்னொன்று, ஷ்ரௌட்டுக்குத் தார் பூசிய தடித்த சணல் கயிறு போல் தெரியும் நூல் வேண்டும். மெல்லிய நூல் பொம்மைத்தனம்.

கடலைமிட்டாய்82 | சனி, காலை 10:11
கட்டி சார்க்ங்கிற பழைய பாய்மரக் கப்பல். பிளாஸ்டிக். நூல் அம்மாவோட தையல் டப்பாவுல இருந்தது. ஷ்ரௌட் முதல்லதான் போட்டேன் சார். போட்டோ சாயங்காலம்.

நூல்கண்டு | சனி, காலை 10:20
பெரிய 1:96ஆ, சின்னதா? ஒட்டியாச்சா இல்லையா? அதைத்தான் முதல்லயே கேட்டேன் 🙂

வடபழனி_வார்னிஷ் | சனி, காலை 10:34
தையல் நூல்! சொன்னேன்ல?
கட்டி சார்க்னு பேர் வெச்சா கட்டிட்டேதான் இருக்கணும் போல. ஆமா, அந்தக் கப்பலே எரிஞ்சு போச்சே?

நூல்கண்டு | சனி, காலை 10:51
முழுசா எரியல. 2007 மே 21ல தீப்பிடிச்சது. பழுதுபார்க்கிறதுக்காகப் பாய்மரம், கயிறு எல்லாத்தையும் அதுக்கு முன்னாடியே கழட்டி வேற இடத்துல வெச்சிருந்தாங்க, அதெல்லாம் தப்பிச்சுது. 2012ல மறுபடி திறந்தாச்சு, லண்டன் கிரீன்விச்ல நிக்குது. எந்தக் கயிறு எங்கே போகுதுன்னு சந்தேகம் வந்தா கிட் தாளை விட அங்கே எடுத்த போட்டோக்களைப் பாருங்க.

மாலுமி சார், ஒரு திருத்தம். கட்டி சார்க் தண்ணியில இறங்கினது 1869ல. அப்போ கம்பி வடம் வந்தாச்சு. இந்தக் கப்பலோட ஷ்ரௌட், ஸ்டே எல்லாம் சணல் இல்ல, கம்பி வடம். அதனால மெல்லிசாத்தான் தெரியணும். விக்டரி மாதிரி 1765ல இறங்கின கப்பல்னா நீங்க சொல்ற சணல் சரி.

இன்னொரு பொதுவான தப்பு. பழைய கப்பல் கணக்குல கயிறோட அளவுன்னா சுற்றளவு, விட்டம் இல்ல. 4 அங்குலக் கயிறுன்னா விட்டம் ஒண்ணேகால் அங்குலம், அதாவது 32 மி.மீ. 96ஆல வகுத்தா 0.33 மி.மீ. சுற்றளவை விட்டம்னு எடுத்து மூணு மடங்கு தடியா நூல் வாங்கினவங்களை நான் பார்த்திருக்கேன். நானும் ஒருத்தி.

மூத்த_மாலுமி | சனி, காலை 11:15
நான் பொதுவாகச் சொன்னேன். குறிப்பிட்ட கப்பலின் பெயரை அவர் அதன் பிறகுதான் சொன்னார்.

சுக்கானி_பேரன் | சனி, மதியம் 12:40
தூத்துக்குடியில இருந்து. ஸ்டே, ஷ்ரௌட்னு எழுதுறதுக்கு நடுவுல நம்ம வார்த்தையையும் போடலாமே. குறுக்கே போற கட்டைக்குப் பருமல்னு பேர் இருக்கு. முன்பக்கம் அணியம். என் தாத்தா கொழும்புக்குப் போற தோணியில சுக்கான் பிடிச்சவர், அவர் வாயில யார்டுங்கிற வார்த்தையே வந்ததில்ல.

சைக்கிள்கம்பி | சனி, மதியம் 12:58
தாத்தா தோணி முக்கோணப் பாய் தம்பி. இது சதுரப் பாய் கப்பல். ஒரு மரத்துல அஞ்சாறு குறுக்குக் கட்டை, ஒவ்வொண்ணுக்கும் தனிப் பேர். மெயின் டாப்காலன்ட் யார்டுக்குத் தமிழ்ல என்ன சொல்லுவீங்க?

சுக்கானி_பேரன் | சனி, மதியம் 1:05
மேல் பருமல், நடுப் பருமல், கீழ்ப் பருமல். கஷ்டமா இருக்கா?

சைக்கிள்கம்பி | சனி, மதியம் 1:09
அஞ்சுல மூணுதான் வந்திருக்கு.

வல்வெட்டித்துறையான் | சனி, மதியம் 2:26
சதுரப் பாய் எங்கட ஆக்களுக்குத் தெரியாது எண்டு சொல்லாதேங்கோ. அன்னபூரணி எங்கட ஊரில கட்டின பிரிகன்டைன், ரெண்டு பாய்மரக் கப்பல், முன் மரத்தில சதுரப் பாய்தான். ஒரு அமெரிக்கர் அதை வாங்கிப் பேரை மாத்தினவர், எங்கட ஆக்கள் அதில போய் 1938இல அமெரிக்காவில மசச்சூசெற்ஸ் குளொஸ்ரர் துறைமுகத்தில சேர்ந்தவை. அதுக்கு ஒரு பிளாஸ்ரிக் கிட் வந்தா முதல் ஆளா நான் வாங்குவன். இந்தத் தம்பியின்ர பிரச்சினைக்கு என்னட்ட மறுமொழி இல்லை, மன்னிக்கோணும்.

சுக்கானி_பேரன் | சனி, மதியம் 2:31
அண்ணே, அன்னபூரணிக்குத் தனி இழை தொடங்குங்க. நானும் வர்றேன்.

கடலைமிட்டாய்82 | சனி, இரவு 7:48
மூணு போட்டோ போட்டிருக்கேன். 1:96. மூணு மரத்தையும் டெக்ல ஒட்டியாச்சு. முடிச்சு எல்லாம் சூப்பர் க்ளூ. அதை எப்படி அவுக்கிறதுன்னும் சொல்லுங்க, ரெண்டு இடத்துல நூல் முள்ளு மாதிரி நிக்குது, தொட்டா ஒடியுது.

வடபழனி_வார்னிஷ் | சனி, இரவு 8:02
அது ஈஸி. நெயில் பாலிஷ் ரிமூவர் ஒரு சொட்டு வைங்க, கரைஞ்சிடும்.

நூல்கண்டு | சனி, இரவு 8:03
வேண்டாம்!! வெக்காதீங்க! ரிமூவர்ல அசிட்டோன் இருக்கும். சூப்பர் க்ளூவைக் கரைக்கிறதுக்கு முன்னாடி கிட்டோட பிளாஸ்டிக்கை, அதான் பாலிஸ்டைரீனைத் தின்னுடும். டெக் ஓரம் பாயசமா ஆயிடும். அந்த நூலை வெட்டி எறிஞ்சுட்டுப் புதுசு கட்டுங்க, நூல் என்ன விலை.

வடபழனி_வார்னிஷ் | சனி, இரவு 8:10
அசிட்டோன் இல்லாத ரிமூவரும் விக்கிறாங்க மேடம்.

நூல்கண்டு | சனி, இரவு 8:11
அதுல சூப்பர் க்ளூவும் கரையாது சார்.

நூல்கண்டு | சனி, இரவு 8:40
ரெண்டாவது போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தேன். நடு மரத்தை விடுங்க. முன்னாடி நீட்டிட்டு இருக்கே பௌஸ்பிரிட், அதுக்குக் கீழே ஏன் ஒண்ணுமே இல்ல? நடுவுல இருந்து நேரா கீழே தொங்குற ஒரு குச்சி வரணும், டால்ஃபின் ஸ்ட்ரைக்கர். அதுல இருந்தும் பௌஸ்பிரிட் நுனியில இருந்தும் கப்பலோட மூஞ்சிக்கு, அந்தப் பொம்மைக்குக் கீழே, சங்கிலி போகணும். எங்கே அதெல்லாம்?

கடலைமிட்டாய்82 | சனி, இரவு 8:52
அது டப்பாவுல இருக்கு. அலங்காரம்னு நினைச்சேன். கை பட்டு ஒடியும்னு கடைசியில ஒட்டலாம்னு வெச்சிருக்கேன்.

நூல்கண்டு | சனி, இரவு 9:25
கண்டுபிடிச்சாச்சு. இப்ப நான் சொல்றதைக் கப்பலைப் பக்கத்துல வெச்சுட்டுப் படிங்க.

நடு மரத்தோட மேல் ஸ்டே எங்கே போய் முடியுது? முன் மரத்துல. முன் மரத்தோட ஸ்டே? பௌஸ்பிரிட்ல. அப்போ பௌஸ்பிரிட்டை யார் பிடிக்கிறா? கீழே இருக்குற அந்தச் சங்கிலிதான், அதுக்குப் பேர் பாப்ஸ்டே. அது இல்லாம நீங்க பின்னாடி எதை இழுத்தாலும் முன்னாடி மூக்கு மேலே தூக்கும். மூக்கு தூக்கினா முன் மரத்து ஸ்டே தளரும், முன் மரம் பின்னாடி வரும், நடு மரத்து ஸ்டே தளரும். நடு மரத்தோட பேக்ஸ்டேயை, அதான் பின்பக்கம் இழுக்குற கயிறை, நீங்க ஏற்கெனவே இறுக்கிட்டீங்க, அதனால அதோட நுனி பின்னாடி வளையுது. முதல் போட்டோவுல ஸ்கேலை டெக் மேல வெச்சுப் பாருங்க, பௌஸ்பிரிட் நுனி கிட்டத்தட்ட அரை செ.மீ. மேலே போயிருக்கு.

செய்ய வேண்டியது: முன்பக்க ஸ்டே எல்லாத்தையும் வெட்டுங்க, மனசு கேக்காது, வெட்டுங்க. நடு மரத்துப் பேக்ஸ்டேயையும். பாப்ஸ்டே போட்டு ஒரு ராத்திரி காய விடுங்க. கிட்ல வர்ற சங்கிலி தாங்கலைன்னா, அதுக்குப் பின்னாடி ஒளிச்சு ஒரு கறுப்பு நூலைக் கட்டுங்க, யாரும் பார்க்க மாட்டாங்க. அப்புறம் முன் மரம், அப்புறம் நடு மரம், கடைசியா பின் மரம். ஸ்டேயும் பேக்ஸ்டேயும் ஜோடியா ஏறணும். ஷ்ரௌட்டையும் இடது ஒண்ணு வலது ஒண்ணுன்னு மாத்தி மாத்தி. உங்க மூணாவது போட்டோவுல இடது பக்க ஏணிக்கயிறு முழுசா முடிஞ்சிருக்கு, வலது மொட்டையா நிக்குது. மரம் இடது பக்கம் சாயாம என்ன பண்ணும்?

இழுக்கவே இழுக்காதீங்க. நூல் நேரா நின்னா போதும், வீணைத் தந்தி வேண்டாம். நான் நூல் முனையில துணி கிளிப்பைத் தொங்கவிட்டு, ஒட்டாம ஒரு ராத்திரி விடுவேன். காலையில முன்னாடி இருந்து கண்ணளவு பார்த்துட்டு ஃபெவிகால் ஒரு பொட்டு. தப்பானா தண்ணி தொட்டு அவுத்துக்கலாம். நூலைத் தேன்மெழுகுல ஒரு தடவை இழுத்துட்டா பிசிரும் போகும்.

மூத்த_மாலுமி | சனி, இரவு 10:05
ஆக, ஷ்ரௌட் முதலில் என்று நான் சொன்னதில் தவறில்லை.

நூல்கண்டு | சனி, இரவு 10:12
கண்ணி மாட்டுற வரிசையில தப்பில்ல சார். மாட்டுற வரிசை வேற, இறுக்குற வரிசை வேற.

மூத்த_மாலுமி | சனி, இரவு 10:20
மேலும், இதைப் போன்ற கிளிப்பர் எனும் வேகப் பாய்மரக் கப்பல்களின் மரங்கள் இயல்பாகவே பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அவர் சாய்வை வளைவு என்று எண்ணிவிடக் கூடாது.

சைக்கிள்கம்பி | சனி, இரவு 10:26
சாயுறது அடியில இருந்து நேரா சாயும். இது பாதியில வளையுது. நடு மரம் நிஜத்துல 46 மீட்டர், 1:96ல 48 செ.மீ. வருது. அதோட உச்சித் துண்டு பேனா ரீஃபில் தடிமன். பாப்ஸ்டே போடுங்க, நல்லது. ஸ்போக்கும் போடுங்க.

கடலைமிட்டாய்82 | சனி, இரவு 11:30
எல்லா ஸ்டேயையும் வெட்டிட்டேன் அக்கா. கை நடுங்கிச்சு. பௌஸ்பிரிட் தானா கீழே இறங்கினதைக் கண்ணால பார்த்தேன்.

நூல்கண்டு | புதன், மதியம் 1:15
என்னாச்சு? ஞாயிறுக்குள்ள முடியுமா?

வடபழனி_வார்னிஷ் | வியாழன், காலை 6:40
நூலை மாத்தினாரான்னு யாராவது கேளுங்க.

கடலைமிட்டாய்82 | அடுத்த செவ்வாய், இரவு 9:50
மன்னிக்கணும், விசேஷ வேலையில இந்தப் பக்கம் வர முடியல. பாப்ஸ்டேதான். போட்டதும் எல்லாக் கயிறும் நேரா நின்னுச்சு. நடு மரத்து உச்சி நூலை வெட்டும்போது ஒடிஞ்சு போச்சு, அங்கே ஸ்போக். நூல் பழைய தையல் நூலேதான், மெழுகு போட்டேன். அப்பா கண்ணாடி போட்டுட்டு அரை மணி நேரம் பார்த்தார், கயிறைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. "நங்கூரம் எங்கடா?"ன்னு கேட்டார். அது இன்னும் டப்பாவுல இருக்கு. எல்லாருக்கும் நன்றி.

சைக்கிள்கம்பி | அடுத்த செவ்வாய், இரவு 9:58
ஸ்போக் 14 கேஜா 15 கேஜா? போட்டோ?

சைக்கிள்கம்பி | மூணு வாரம் கழிச்சு
தம்பி, போட்டோ?