ரோம்ல இருந்து குரூஸ் போறோம், கப்பல் ஏறுறதுக்கு முந்தின ரெண்டு நாள் எங்க தங்கலாம்?

மீனா_பயணி:
வணக்கம் மக்களே. அக்டோபர்ல நாங்க நாலு பேர், நான், வீட்டுக்காரர், மாமனார், மாமியார், ரோம்ல இருந்து ஏழு நாள் குரூஸ் போறோம், கிரீஸ் துருக்கி பக்கம். ஃபிளைட் வெள்ளிக்கிழமை காலைல ரோமோட ஃபியூமிசினோ ஏர்போர்ட்ல இறங்குது, கப்பல் ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு. டிக்கெட்ல ரோம்னுதான் போட்டிருக்கு, மேப்ல பாத்தா துறைமுகம் சிவிட்டாவெக்கியானு எங்கயோ தள்ளிக் காட்டுது. தங்குறது எந்த ஊர்ல? ஞாயிறு காலைல வாட்டிகன் மியூசியம் பாத்துட்டு அப்படியே கப்பலுக்குப் போயிடலாம்னு வீட்டுக்காரர் சொல்றார், எனக்கு வயித்தைக் கலக்குது. மாமியாருக்கு முழங்கால் வலி வேற. திரும்பி வர்ற ஞாயிறு காலை ஏழு மணிக்கே கப்பல் வந்துடும், ஃபிளைட் ராத்திரி ஒம்போதுக்கு. அந்தப் பகல் பூரா பெட்டியோட என்ன பண்றது?

ரயில்சிநேகன்:
சார் பிளான் ஆரம்பத்துலயே அடிபடுது :) வாட்டிகன் மியூசியம் ஞாயித்துக்கிழமை லீவு. மாசத்தோட கடைசி ஞாயிறு மட்டும் திறப்பாங்க, அன்னைக்கு இலவசம்ங்கறதால கூட்டம் அள்ளும், அதுவும் மதியம் பன்னெண்டரையோட உள்ள விடுறதை நிறுத்திடுவாங்க.

சிவிட்டாவெக்கியா ரோம்ல இருந்து சுமார் 70 கிலோமீட்டர். ரீஜனல் ரயில்ல ஒரு மணி நேரம், சிலது கொஞ்சம் கூட ஆகும், டிக்கெட் ஆளுக்கு அஞ்சு யூரோவுக்குள்ளதான். எப்ப வாங்கினாலும் அதே விலை, அதனால மாசக்கணக்குல முன்னாடி புக் பண்ண அவசியமே இல்ல. பேப்பர் டிக்கெட்னா ஏறுறதுக்கு முன்னாடி ஸ்டேஷன்ல இருக்கற மிஷின்ல முத்திரை குத்திடுங்க, இல்லன்னா ஃபைன்.

எல்லாரும் ரோமோட மெயின் ஸ்டேஷனான டெர்மினி பக்கத்துலதான் ரூம் போடுறாங்க, ஏன்னே தெரியல. துறைமுகத்துக்குப் போற அதே ரயில் ஓஸ்டியென்சே, ட்ராஸ்தெவெரே, சான் பியெத்ரோன்னு ரோமுக்குள்ள இருக்கற மூணு ஸ்டேஷன்லயும் நிக்குது. சான் பியெத்ரோல இருந்து செயின்ட் பீட்டர்ஸ் சர்ச்சுக்கு நடந்தே போயிடலாம். ட்ராஸ்தெவெரேக்கு ஏர்போர்ட்ல இருந்தே நேரா லோக்கல் ரயில் இருக்கு, அரை மணி நேரம் கூட ஆகாது. லியொனார்டோ எக்ஸ்பிரஸ்ங்கற ஏர்போர்ட் ரயில் நடுவுல எங்கயும் நிக்காம டெர்மினிக்குத்தான் போகும், உங்களுக்கு அது சுத்துவழி. நான்னா சான் பியெத்ரோ பக்கம் ரெண்டு ராத்திரி தங்கிடுவேன், ஞாயிறு காலை சாப்டுட்டு நேரா கப்பலுக்கு.

கப்பல்காக்கா:
கப்பல் ஆறு மணிக்குன்னா ஆறு மணிக்குப் போய் நிக்க முடியாதுங்க. செக்கின் ஒண்ணு ஒண்ணரை மணி நேரம் முன்னாடியே மூடிடுவாங்க, உங்களுக்குன்னு ஒரு போர்டிங் நேரமும் குடுத்திருப்பாங்க பாருங்க. ஞாயிறு மதியம் ஒரு மணிக்கெல்லாம் அங்க இருக்கற மாதிரி வெச்சுக்கோங்க, ஊர் சுத்துறதெல்லாம் சனிக்கிழமையோட முடிஞ்சுது.

இன்னொண்ணு, இத்தாலில ரயில் ஸ்ட்ரைக் சகஜம். முன்கூட்டியே அறிவிச்சுடுவாங்க, வார நாள்ல காலை 6-9, சாயங்காலம் 6-9 ரீஜனல் ரயில் ஓடியே ஆகணும்னு ஏற்பாடும் இருக்கு, ஆனா நீங்க போறது ஞாயிறு, அந்தச் சலுகை அன்னைக்குக் கிடையாது. அதனால ரெண்டு நாள் முன்னாடி ஒரு தடவை செக் பண்ணிட்டு, ஸ்ட்ரைக்னா கார் சொல்லி வெச்சிடுங்க.

கொலோசியம் டிக்கெட்ல பேரும் நேரமும் போட்டிருக்கும், பாஸ்போர்ட் பாத்துத்தான் உள்ள விடுவாங்க. அதைப் போய் வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் போட்டுட்டு ஃபிளைட் லேட்டாச்சுன்னா காசு போச்சு. வெள்ளிக்கிழமை பாந்தியன், ட்ரெவி ஃபவுண்டன்னு நேரம் பாக்காத இடங்களா வெச்சுக்கோங்க, சனிக்கிழமை கொலோசியமோ வாட்டிகனோ ஏதாவது ஒண்ணு. ரெண்டும் ஒரே நாள்னா மாமியார் உங்ககிட்ட பேசவே மாட்டாங்க. கொலோசியத்துல லிஃப்ட் இருக்கு, வாட்டிகன் மியூசியத்துல வீல்சேர் குடுக்கறாங்க, ஆனா அதுக்குள்ள இருக்கற சிஸ்டைன் சேப்பல் வரைக்கும் நடை ரொம்ப நீளம்.

அப்புறம் விசா! துருக்கி ஷெங்கன்ல, அதாவது ஐரோப்பிய நாடுகளோட பொது விசா ஏற்பாட்டுல, கிடையாது. அங்க போய்ட்டு மறுபடி இத்தாலிக்குள்ள வரணும்னா மல்டிபிள் என்ட்ரி ஷெங்கன் வேணும், சிங்கிள் என்ட்ரியோட போனா செக்கின்லயே நிறுத்திடுவாங்க. துருக்கிக்கு என்ன பேப்பர் வேணும்னும் கப்பல் கம்பெனிகிட்ட எழுத்துல வாங்கி வெச்சுக்கோங்க.

துளசிமாடம்:
ரயில்சிநேகன் சொல்றதுல ஒரு சின்ன மறுப்பு. நாலு பேர், நாலு பெரிய பெட்டி, ஒருத்தருக்கு முழங்கால் வலி, ரோம் தெருவெல்லாம் கருங்கல் பாவினது, சக்கரப் பெட்டி உருளாது. ரயில்ல போனாலும் சிவிட்டாவெக்கியா ஸ்டேஷன்ல இறங்கி லார்கோ தெல்லா பாச்சேங்கற துறைமுக பஸ் நிலையத்துக்கு ஒரு பஸ், அங்கருந்து கப்பல்கிட்ட போக துறைமுகத்தோட இலவச பஸ்னு ஏறி இறங்கிட்டே இருக்கணும். ஒரு வேன் பேசிடுங்க, நாலா பிரிச்சா வலிக்காது. இல்லன்னா சனிக்கிழமை ராத்திரியே சிவிட்டாவெக்கியா வந்துடுங்க. கடலோரமா நடக்கலாம், துறைமுக வாசல்லயே மைக்கலாஞ்சலோ கோட்டை இருக்கு, 1508ல பிரமாண்டேங்கற கட்டடக் கலைஞர் ஆரம்பிச்சது, மேல இருக்கற கோபுரம் மட்டும் மைக்கலாஞ்சலோ வேலைன்னு சொல்லுவாங்க. ஒரு சாயங்காலத்துக்குப் போதும், அதுக்கு மேல அங்க தங்க வேண்டியதில்ல.

திரும்பி வர்ற அன்னைக்கு ரோமுக்கே போகாதீங்க. செர்வெத்தேரின்னு ஒரு ஊர், சிவிட்டாவெக்கியாவுக்கும் ஏர்போர்ட்டுக்கும் நடுவுல. ரோமானியருக்கு முன்னாடி அங்க வாழ்ந்த எட்ருஸ்கன் மக்களோட கல்லறை நகரம், பாறையைக் குடைஞ்சு வீடு மாதிரியே ரூம், கட்டில், தலையணை எல்லாம் செதுக்கியிருக்காங்க. தார்குவீனியாங்கற இன்னொரு ஊர்ல இருக்கற கல்லறைகளோட சேத்து 2004ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்துச்சு. வேன்காரர்கிட்ட பேசினா பெட்டி வண்டிலயே இருக்கும், பாத்துட்டு நேரா ஏர்போர்ட்.

மீனா_பயணி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி! விசா விஷயம் நினைச்சே பாக்கல, இன்னைக்கே அப்ளிகேஷனைப் பாக்குறேன். சான் பியெத்ரோ பக்கம் ரெண்டு ராத்திரி, ஞாயிறு வேன்னு முடிவு பண்ணியாச்சு. துளசி அக்கா, அந்தக் கல்லறை இடம் மாமியாருக்கு ஒத்துவருமா?

துளசிமாடம்:
மேல இருக்கற பாதை மேடுபள்ளமா இருக்கும் ஆனா மெதுவா நடக்கலாம்மா, மரநிழல் இருக்கு. கல்லறைக்குள்ள போகத்தான் படி இறங்கணும், அவங்க மேலயே உக்காந்துக்கலாம். மழை பெஞ்சிருந்தா வழுக்கும், அன்னைக்கு விட்டுடுங்க.

ரயில்சிநேகன்:
வேன்காரர்கிட்ட பிக்கப் எட்டரைக்கு மேல சொல்லுங்க. கப்பல் ஏழுக்கு வந்தாலும் வெளில விடுறது நம்பர் வாரியாத்தான். சீக்கிரம் இறங்கணும்னா பெட்டியைக் கப்பல்காரங்க எடுத்துட்டுப் போக முந்தின ராத்திரி ரூம் வாசல்ல வெக்காம நீங்களே இழுத்துட்டு வரணும், நாலு பெட்டிக்கு அது வேணாம்.